உளவு பலூனை வீழ்த்துவது: எதைக் கொண்டு, எங்கே, எப்போது?

ஒரு நாட்டின் வான்வெளிக்குள் 60,000 அடி உயரத்தில் அந்நிய நாட்டு பலூன் ஒன்று நுழைந்துவிட்டால், முடிவெடுக்க வேண்டியவர்கள் முன் இருக்கும் வழிகள் ஐந்தாறுதான். போர் விமானத்தின் பீரங்கியால் சுடலாம். வெப்பத்தை நாடிச் செல்லும் குறுந்தூர ஏவுகணையை ஏவலாம். ராடார் வழிகாட்டும் பெரிய ஏவுகணையைப் பயன்படுத்தலாம். தரையில் நிற்கும் வான்காப்பு ஏவுகணையால் அடிக்கலாம். கடலுக்கு மேல் போகும்வரை பின்தொடர்ந்து காத்திருக்கலாம். சுடாமலே விட்டுவிடவும் செய்யலாம். ஒலியைவிட வேகமாகப் பறக்கும் விமானங்களையே வீழ்த்தும் படைகளுக்குக் காற்றின் போக்கில் மிதக்கும் ஒரு பை எம்மாத்திரம் என்று பலர் கேட்கிறார்கள். ஆனால், பலூனுக்கு இல்லாத வேகமும் உலோகமும் வெப்பமும்தான் நவீன ஆயுதங்கள் தங்கள் இலக்கை அறியும் அடையாளங்கள் என்பதால், இந்தக் கேள்விக்குப் படைகள் எளிதில் விடை கண்டதில்லை. இந்த வழிகளை ஒப்பிட்டுப் பார்த்தால், எந்த ஆயுதம் என்பதற்கு முன்பே எந்த இடத்தில் என்பதை முடிவுசெய்தாக வேண்டும் என்பதே என் கருத்து.

ஒப்பீட்டுக்கு மிகத் தெளிவான ஆதாரமாக இருப்பது 2023 ஆம் ஆண்டில் அமெரிக்காவுக்கு மேல் பறந்த சீன பலூன். ஜனவரி 28 அன்று அலாஸ்காவின் அலூசியன் தீவுகள் பக்கமாக நுழைந்த அது, 30 ஆம் தேதி கனடா வான்வெளிக்குச் சென்று, 31 ஆம் தேதி ஐடஹோ மாநிலத்தின் வடபகுதி வழியாக மீண்டும் அமெரிக்காவுக்குள் வந்தது. பிப்ரவரி 1 அன்று மொன்டானாவின் பில்லிங்ஸ் நகர மக்கள் பட்டப்பகலில் அதை வெறும் கண்ணால் பார்த்தார்கள். பில்லிங்ஸ் விமான நிலையத்தில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. எஃப்-22 போர் விமானங்கள் மேலே அனுப்பப்பட்டன. ஆனால் அன்று சுடவில்லை. பிப்ரவரி 4 அன்று பிற்பகல் 2.39 மணிக்கு, தென் கரோலினாவின் மர்ட்டில் பீச் கரையிலிருந்து ஆறு கடல் மைல் தொலைவில், லாங்லி படைத்தளத்தைச் சேர்ந்த ஓர் எஃப்-22 விமானம் 58,000 அடி உயரத்திலிருந்து ஏஐஎம்-9எக்ஸ் சைட்விண்டர் ஏவுகணை ஒன்றை ஏவி அதை வீழ்த்தியது. பலூன் அப்போது 60,000 அடிக்கும் 65,000 அடிக்கும் இடைப்பட்ட உயரத்தில் இருந்தது. ஏறத்தாழ 200 அடி உயரமான அந்தப் பையின் கீழே, சிறிய பயணிகள் விமானத்தின் அளவில், ஒரு டன்னுக்கு நெருங்கிய எடையுள்ள கருவித்தொகுதி தொங்கிக்கொண்டிருந்தது.

முதலில் பீரங்கியை எடுத்துக்கொள்வோம். செலவு குறைவு, குண்டுகள் ஏராளம், பையில் ஓட்டை போட்டால் வாயு வெளியேறி இறங்கிவிடும் என்பது சாதாரணமாக எவருக்கும் தோன்றும் எண்ணம். இது ஒருமுறை உண்மையிலேயே சோதிக்கப்பட்டிருக்கிறது. 1998 ஆகஸ்டில் கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்திலிருந்து ஓசோன் ஆராய்ச்சிக்காக ஏவப்பட்ட, 25 மாடி உயரமுள்ள பலூன் ஒன்று கட்டுப்பாட்டை இழந்து கிழக்கே நகர்ந்தது. நியூஃபவுண்ட்லாந்துக்கு அப்பால் கனடிய விமானப்படையின் இரண்டு சிஎஃப்-18 விமானங்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட 20 மில்லிமீட்டர் குண்டுகளை அதன்மீது சுட்டன. பலூன் விழவில்லை. அட்லாண்டிக்கைக் கடந்து, விமானப் போக்குவரத்தைக் கலங்கடித்து, பல நாள்களுக்குப் பின் பின்லாந்துப் பகுதியில்தான் இறங்கியது.

விமானிகளின் குறி தவறியதை மட்டும் இதற்குக் காரணமாகச் சொல்ல முடியாது. இப்படிப்பட்ட பெரும் பலூன்களின் உறை 20 முதல் 25 மைக்ரான் தடிமனுள்ள பாலிஎத்திலீன் தாள். நம் ஊரில் முன்பு கேரி பேக்குக்குக் குறைந்தபட்சமாக விதிக்கப்பட்டிருந்த 50 மைக்ரான் தடிமனில் பாதிக்கு மேல் வராது. அதைத் துளைப்பது எளிது. ஆனால் அடிப்பக்கம் திறந்திருக்கும் வகை பலூனில், உள்ளே இருக்கும் ஹீலியத்துக்கும் வெளியே இருக்கும் காற்றுக்கும் இடையிலான அழுத்த வேறுபாடு, உச்சிப் பகுதியில்கூட, கடல் மட்டக் காற்றழுத்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைத் தாண்டாது. விளையாட்டு பலூனைப் போல வெடிப்பதற்கு அங்கே எந்த விசையும் இல்லை. 60 மீட்டர் விட்டமுள்ள ஒரு கோளத்தில் ஒரு லட்சம் கன மீட்டருக்கும் அதிகமான வாயு இருக்கும். விரல் கனமுள்ள சில பத்துத் துளைகள் வழியாக அது கசிந்து தீர நாள்கணக்கில் ஆகும். துளைகள் அடிப்பாகத்தில் விழுந்தால் கசிவு இன்னும் மந்தமாகும்.

சுடுபவருக்கு உள்ள ஆபத்தையும் இதில் சேர்க்க வேண்டும். 60,000 அடியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பதினான்கில் ஒரு பங்குதான். அந்த மெல்லிய காற்றில் போர் விமானம் உயரத்தை இழக்காமல் நிற்க வேண்டுமானால் ஒலியின் வேகத்தை ஒட்டியோ மீறியோ பறந்தாக வேண்டும். திரும்புவதற்கும் அங்கே பெரும் வட்டம் தேவைப்படும். பலூனோ ஏறக்குறைய நின்ற இடத்தில் நிற்கிறது. பீரங்கியால் சுடத்தக்க ஒரு கிலோமீட்டர் தொலைவுக்குள் வந்த விமானி, குறிபார்த்துச் சுட்டு, தொங்கும் வடங்களிலும் கிழிந்த தாளிலும் சிக்காமல் விலகிச் செல்ல அவருக்கு மூன்று விநாடி அளவே கிடைக்கும். இத்தனைக்கும் பலன் உறுதியில்லை என்பதால், உயரப் பறக்கும் பெரிய பலூனுக்குப் பீரங்கி பொருந்தாது என்று தயக்கமின்றிச் சொல்லலாம்.

பலூனை இறக்குவதற்கு உண்மையில் தேவைப்படுவது நீளமான ஒரு கிழிசல். இதை நன்கு அறிந்தவர்கள் பலூனை ஏவும் விஞ்ஞானிகள். ஹைதராபாத்தில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் பலூன் நிலையம் பல பத்தாண்டுகளாக இத்தகைய பாலிஎத்திலீன் பலூன்களைத் தானே தயாரித்து ஏவிவருகிறது. பொதுவாக இவ்வகை ஆராய்ச்சிப் பயணம் முடியும்போது ரேடியோ கட்டளை ஒன்று அனுப்பப்படும். கருவிகள் பாராசூட்டுடன் கழன்று விழும். அப்படி விழும்போது பலூனுடன் இணைத்த கயிறு ஒன்று உறையின் ஒரு பட்டையை இழுத்துக் கிழித்துவிடும். வாயு ஒரேயடியாக வெளியேற, பை சுருங்கி விழும். அந்நிய பலூனில் அந்தக் கயிறு நம் கையில் இல்லை. அந்தக் கிழிசலை வெளியிலிருந்து உண்டாக்குவதற்கே ஏவுகணை வேண்டியிருக்கிறது.

ஏவுகணைகளில் எது என்பது அடுத்த கேள்வி. சைட்விண்டர் ஏஐஎம்-9எக்ஸ் அகச்சிவப்புப் படத்தைக் கொண்டு இலக்கை அறிகிறது. பலூனில் எரியும் எஞ்சின் இல்லை என்பதால் அது வெப்பத்தைக் காட்டாது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் நண்பகல் வெயிலில் ஒளிரும் அவ்வளவு பெரிய உறை, அதற்குப் பின்னால் இருக்கும் கடுங்குளிர் வானத்திலிருந்து தெளிவாகப் பிரிந்து தெரியும். அந்த ஏவுகணையின் வெடிமுனை ஒன்பது கிலோ அளவில் சிறியது. பையைச் சிதைக்கப் போதும், கீழே தொங்கும் கருவிகளை முழுவதும் நாசமாக்காது. மர்ட்டில் பீச்சில் அதுவே நடந்தது: உறை கிழிந்து சுருங்கியது, கருவித்தொகுதி கடலில் விழுந்தது. ஒரு ஏவுகணையின் விலை நான்கு லட்சம் டாலருக்கு மேல் என்றாலும், கிடைத்த பொருளை வைத்துப் பார்த்தால் அது நியாயமான செலவே.

ராடார் வழிகாட்டும் ஆம்ராம் போன்ற ஏவுகணைக்கு எட்டும் தூரமும் வெடிமுனையும் பெரியவை. பலூன் விஷயத்தில் அந்த வலிமையே குறையாகிறது. ராடார் அலைகளுக்குப் பாலிஎத்திலீன் உறை ஏறக்குறைய கண்ணுக்குப் புலப்படாத பொருள். அலைகளைத் திருப்பி அனுப்புவது உலோகமும் சூரியத் தகடுகளும் கொண்ட கருவித்தொகுதி. ஆகவே ராடார் ஏவுகணை எதை நாடிப் போகுமோ, அதைத்தான் நாம் பத்திரமாகப் பெற விரும்புகிறோம். பொருளை மீட்கும் நோக்கமே இல்லாமல், உடனே அழித்தாக வேண்டும் என்ற நிலையில்தான் இந்த வழி முன்னுக்கு வரும்.

தரையிலிருந்து ஏவும் பேட்ரியாட் போன்ற அமைப்புகளுக்கு அந்த உயரம் எட்டும். ஆனால் அவை இருக்கும் இடத்துக்கு பலூன் வரவேண்டும். பலூன் வரும் இடத்துக்கு அவற்றை நகர்த்த நேரம் வேண்டும். அண்மைக்கால பேட்ரியாட் ஏவுகணை ஒன்றின் விலை பல மில்லியன் டாலர். குறி தவறினால் அது எங்கே விழும் என்ற கவலையும் பெரிது. லேசர் ஆயுதம் இந்த உயரத்துக்கு இன்று நடைமுறை வழியாக இல்லை.

பழைய முயற்சிகளில் ஒன்றை இங்கே சற்று நின்று பார்க்கத் தோன்றுகிறது. 1956 ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் அமெரிக்கா 'ஜெனட்ரிக்ஸ்' என்ற திட்டத்தின் கீழ் கேமராக்கள் பொருத்திய ஐந்நூறுக்கும் மேற்பட்ட பலூன்களைச் சோவியத் ஒன்றியத்துக்கு மேல் மிதக்கவிட்டது. பகலில் அவை மிக் விமானங்களுக்கு எட்டாத உயரத்தில் இருந்தன. இரவில் குளிர்ந்து சுருங்கிய வாயுவால் அவை தாழ்ந்துவிடும் என்பதைச் சோவியத் விமானிகள் கண்டுகொண்டார்கள். விடியற்காலையில், வெயில் பட்டு அவை மீண்டும் உயர்வதற்கு முன் மேலேறிச் சுட்டார்கள். ஏவப்பட்டவற்றில் சில பத்து பலூன்களின் கருவிகள்தான் அமெரிக்காவுக்குத் திரும்பக் கிடைத்தன. புதிய ஆயுதம் எதுவும் இல்லாமல், இலக்கின் ஒருநாள் ஓட்டத்தை அறிந்ததால் மட்டுமே கிடைத்த வெற்றி அது. அதே சோவியத் ஒன்றியம் பின்னாளில் பலூன்களைச் சுடுவதற்கென்றே நீண்ட இறக்கைகளும் பீரங்கியும் கொண்ட மியாசிஷ்செவ் எம்-17 என்ற தனி விமானத்தை வடிவமைக்கத் தொடங்கியது. 1982 இல் பறந்த அந்த விமானம் கடைசிவரை பலூன் வேட்டைக்குப் பயன்படவில்லை. அழுத்தம் குறையாமல் உறையை இறுக்கமாக வைத்திருக்கும் இன்றைய பலூன்கள் இரவிலும் அதிகம் தாழ்வதில்லை என்பதால், அந்த விடியற்காலைத் தந்திரம் இன்று எல்லா பலூன்களுக்கும் பலிக்காது.

இனி இடத்துக்கு வருவோம். இங்குதான் முடிவின் கனம் முழுவதும் இருக்கிறது. அலாஸ்காவிலேயே சுட்டிருக்கலாமே என்று அம்மாநில செனட்டர் லிசா முர்கவ்ஸ்கி 2023 பிப்ரவரியில் நடந்த செனட் விசாரணையில் கடுமையாகக் கேட்டார். அவருடைய கோபத்தில் நியாயம் இருக்கிறது. எல்லையில் வாழ்பவர்கள் தங்கள் தலைக்கு மேல் போனது கணக்கில் வரவில்லையா என்று கேட்கத்தான் செய்வார்கள். பாதுகாப்புத் துறை தந்த விடையும் எளிதில் தள்ளத்தக்கதல்ல: அலூசியன் தீவுகளை ஒட்டிய கடல் விரைவிலேயே பல ஆயிரம் அடி ஆழத்துக்கு இறங்கிவிடுகிறது, குளிர்காலத்தில் பனிக்கட்டியும் சேர்கிறது, அங்கே விழுந்ததை எடுப்பது மிகக் கடினம்.

மொன்டானா, அமெரிக்காவில் மக்கள் அடர்த்தி மிகக் குறைந்த மாநிலங்களில் ஒன்று. அங்கே சுட்டால் யார் மேல் விழப்போகிறது என்ற வாதம் அன்று பரவலாக ஒலித்தது. ஆனால் 18 கிலோமீட்டர் உயரத்திலிருந்து ஒரு டன் எடையுள்ள பொருள் விழும்போது, அது எங்கே விழும் என்பதைக் கீழே உள்ள ஒவ்வொரு காற்றடுக்கும் மாற்றிக்கொண்டே இருக்கும். இலேசான தகடு ஒரு பக்கம் போகும், கனமான சட்டம் வேறு பக்கம் போகும். அமைதியான வானிலையில், கவனமாகத் தேர்ந்த இடத்தில் சுட்ட பிறகும் கடலடியில் சிதைவுகள் சுமார் 1,500 மீட்டருக்கு 1,500 மீட்டர் பரப்பில் கிடந்தன என்று அமெரிக்க ராணுவத்தின் வடக்கு கட்டளைப் பிரிவின் அப்போதைய தலைவர் ஜெனரல் வான்ஹெர்க் தெரிவித்தார். ஆயுதம் தாங்காத ஒரு பலூனை அகற்றுவதற்காக ஒரு பண்ணை வீட்டின் கூரையைப் பணயம் வைக்க எந்த அரசுக்கும் உரிமை இல்லை என்றே நான் நினைக்கிறேன். பலூனில் வெடிபொருளோ நச்சுப்பொருளோ இருப்பதாக வலுவான சான்று கிடைத்தால் இந்தக் கணக்கு மாறும். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் 9,000க்கும் அதிகமான வெடிகுண்டு பலூன்களைப் பசிபிக் கடலைக் கடக்க விட்டது. 1945 மே மாதம் ஒரிகனில் விழுந்து கிடந்த ஒன்று வெடித்து ஆறு பேர் இறந்தார்கள். அத்தகைய பலூன்களைக் கண்ட இடத்தில் சுட முயன்றது சரியே.

மர்ட்டில் பீச்சுக்கு அப்பாலான இடம் இரண்டு நிபந்தனைகளை ஒருங்கே நிறைவேற்றியது. ஆறு கடல் மைல் என்பது, கரையோர நாட்டுக்கே உரிய 12 கடல் மைல் ஆட்சிக்கடலுக்குள் வருவதால் சட்டப்படி அது அமெரிக்காவின் சொந்த வான்வெளி. அனுமதியின்றி ஆளில்லா வான்கலத்தை இன்னொரு நாட்டின் மேல் பறக்கவிடக் கூடாது என்று 1944 ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கையின் 8 ஆவது பிரிவு கூறுகிறது. அங்கே கடலின் ஆழம் சுமார் 50 அடிதான். நீர்மூழ்கி வீரர்கள் நேரடியாக இறங்கித் தேட முடிந்தது. பிப்ரவரி நடுப்பகுதிக்குள் கருவித்தொகுதியின் பெரும்பகுதி மீட்கப்பட்டு எஃப்பிஐ ஆய்வகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இன்னும் சில நிமிடங்கள் தாமதித்திருந்தால் ஆழமும் எல்லைச் சிக்கலும் கூடியிருக்கும். சுட்ட நேரத்தில் வில்மிங்டன், மர்ட்டில் பீச், சார்ல்ஸ்டன் விமான நிலையங்களின் போக்குவரத்து நிறுத்தப்பட்டிருந்தது என்பதும் இந்தத் திட்டத்தின் ஒரு பகுதியே.

காத்திருந்த நாள்களில் இழப்பு இல்லையா? பலூன் மால்ம்ஸ்ட்ராம் படைத்தளத்தின் அணு ஏவுகணைகள் இருக்கும் மொன்டானாவுக்கு மேல் போனதை எவரும் சிறிதாக எண்ண முடியாது. ஆனால் அது எங்கே போகிறது என்பது தெரிந்திருந்ததால், கீழே மறைக்க வேண்டியதை மறைக்க முடிந்தது. அதைவிட உயரத்தில் பறந்த யு-2 உளவு விமானங்கள் அதன் சூரியத் தகடுகளையும் ஆன்டெனாக்களையும் அருகிலிருந்து படமெடுத்தன. விமானியின் தலைக்கவசம் ஓரத்தில் தெரிய, கீழே பலூன் வெண்மையாக மிதக்கும் அந்தப் படம் பின்னர் வெளியிடப்பட்டது. அமெரிக்காவின் மேல் பறந்தபோது அது தகவல் சேகரிக்கவில்லை என்பதே தங்கள் மதிப்பீடு என்று 2023 ஜூன் மாதத்தில் பென்டகன் சொன்னது. வழிதவறிய வானிலை ஆய்வுக் கலம் என்ற சீனாவின் விளக்கத்தை அமெரிக்கா ஏற்கவில்லை.

இதுவரை சொன்னது பெரிய பலூனுக்கு. சிறியவற்றுக்கு என் முடிவு முற்றிலும் வேறு. பிப்ரவரி 4க்குப் பிறகு வட அமெரிக்க வான்காப்புக் கட்டளை மெதுவாக நகரும் பொருள்களை ஒதுக்கிவிடும் ராடார் வடிகட்டியைத் தளர்த்தியது. உடனே புதிய புள்ளிகள் திரையில் தோன்றின. 10 ஆம் தேதி அலாஸ்காவின் டெட்ஹார்ஸ் அருகிலும், 11 ஆம் தேதி கனடாவின் யூகானிலும், 12 ஆம் தேதி ஹூரான் ஏரியின் மேலும் மூன்று பொருள்கள் அதே வகை ஏவுகணையால் சுடப்பட்டன. ஹூரான் ஏரியில் முதல் ஏவுகணை குறி தவறி நீரில் விழுந்தது. கீழே ஊர் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். மூன்றின் சிதைவுகளையும் தேடி, அப்போது கிடைக்காமல் கைவிட்டார்கள். அவை பெரும்பாலும் தனியார் நிறுவனங்களோ பொழுதுபோக்குக் குழுக்களோ ஆராய்ச்சி அமைப்புகளோ விட்ட பலூன்களாக இருக்கலாம் என்று 16 ஆம் தேதி அதிபர் பைடனே கூறினார். இலினாய் மாநிலத்தின் அமெச்சூர் பலூன் குழு ஒன்றின் சிறு பலூன் அதே நாள்களில் அலாஸ்கா பக்கம் தொடர்பை இழந்திருந்தது; சுடப்பட்டது அதுதான் என்று அரசு உறுதிசெய்யவில்லை.

வானம் இத்தகைய பொருள்களால் நிறைந்தது. உலகெங்கும் சுமார் 900 வானிலை நிலையங்கள் நாளுக்கு இரண்டு முறை பலூன்களை ஏவுகின்றன. சென்னை மீனம்பாக்கமும் அவற்றில் ஒன்று. அடையாளம் காணாமல் சுடுவதன் எல்லை எதுவரை போகும் என்பதை 1995 செப்டம்பரில் பெலாரஸ் காட்டியது: கோர்டன் பென்னட் பலூன் போட்டியில் கலந்துகொண்ட ஒரு பலூனை அந்நாட்டு ராணுவ ஹெலிகாப்டர் சுட்டு வீழ்த்தியதில், அதில் இருந்த இரண்டு அமெரிக்கர்கள் உயிரிழந்தார்கள். ஆகவே, கருவித்தொகுதி பெரிதாகத் தெரியாத வரை, கண்ணால் பார்த்து உறுதி செய்யாத வரை, சிறிய பலூன்களைப் பின்தொடர்வதும் பயணிகள் விமானங்களை அவற்றின் பாதையிலிருந்து விலக்குவதுமே சரியான வழி. 2023 இறுதியிலிருந்து சீன பலூன்களை அடிக்கடி கண்டுவரும் தைவான், அவற்றின் எண்ணிக்கையையும் பாதையையும் வெளியிடுவதோடு பெரும்பாலும் நின்றுகொள்கிறது. குவிந்து வரும் மலிவான பலூன்களுக்கு விலையுயர்ந்த ஏவுகணைகளைச் செலவிட மறுப்பது அந்தத் தீவுக்கு இன்றியமையாத நிதானம்.

இந்தியாவுக்கும் இந்தக் கேள்வி அந்நியமானதல்ல. 2022 ஜனவரியில் அந்தமான் நிக்கோபார் தீவுகளின் மேல் அடையாளம் தெரியாத பலூன் ஒன்று காணப்பட்டதாகவும், என்ன செய்வது என்று முடிவாகும் முன்பே அது கடல் பக்கம் விலகிப் போய்விட்டதாகவும் பின்னர் செய்திகள் வெளிவந்தன. 2024 இல் கிழக்கு விமானப்படைக் கட்டளையின் பகுதியில் ரஃபேல் விமானம் ஒன்று 55,000 அடிக்கு மேல் மிதந்த பலூன் இலக்கை ஏவுகணையால் வீழ்த்திப் பயிற்சி செய்ததாகவும் செய்தி வந்தது. ஆயுதம் இருக்கிறது என்பதற்கு அது சான்று. அந்தமானில் இடத்தின் கணக்கு தென் கரோலினாவிலிருந்து மாறுபடும்: தீவுகளைச் சுற்றி எங்கும் கடல் என்பதால் கீழே மனிதர்களுக்கு ஆபத்து குறைவு, ஆனால் கரையிலிருந்து சற்று விலகினாலே கடல் மிக ஆழம். ஆட்சிக்கடலுக்குள், ஆழம் குறைந்த கரையோரப் பட்டையில் சுடுவதற்குக் கிடைக்கும் நேரம் மிகக் குறுகியது. பலூன் அந்தப் பட்டையைக் கடக்கும்போது டெல்லியில் கூட்டம் கூடிப் பேச அவகாசம் இராது.

ஜப்பான் இதை உணர்ந்து 2023 பிப்ரவரியில், ஆளில்லா பலூன்களின் மீது ஆயுதம் பயன்படுத்துவதற்கான நிபந்தனையைத் தளர்த்தியது. அதற்கு முன் 2019, 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் அந்நாட்டின் மேல் சீன பலூன்கள் எனச் சந்தேகிக்கப்பட்டவை சுடப்படாமல் கடந்து போயிருந்தன. எந்த அளவு கருவித்தொகுதிக்கு மேல் சுடலாம், எந்தக் கடற்பட்டையில் சுடலாம், யார் உத்தரவு தரலாம், எந்த விமான நிலையங்களின் போக்குவரத்தை எத்தனை நிமிடம் நிறுத்த வேண்டும் என்பவற்றை இந்தியாவும் முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும். ஸ்ரீ விஜயபுரத்தில் (முன்னாள் போர்ட் பிளேர்) இருக்கும் அந்தமான் நிக்கோபார் முப்படைக் கட்டளைத் தளபதிக்கு அந்த அதிகாரத்தை வரம்புகளோடு ஒப்படைப்பதே என் பரிந்துரை.